அம்மாவின் சேமநிதியும் தாத்தாவின் நூறு வெள்ளியும்

2024 ஆகஸ்டில் அம்மாவுக்கு 55 வயது ஆனது. பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஷிப்ட் வேலை பார்த்தவர். அன்றிரவு சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினார். சேமநிதிக் கணக்கு திறந்திருந்தது. இனி முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம்.

"இத எடுத்து ஷேர்ல போடலாமாடா? யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரு, லாங் டெர்ம்ல போட்டா நஷ்டமே வராதாம். நீ போட்டது ஷார்ட் டெர்ம், அதான் போச்சு."

கடைசி வாக்கியம் யூடியூப்காரர் சொன்னதில்லை. அம்மாவே சேர்த்தது.

அம்மா சொன்னது உண்மைதான். 2020-இல் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். நாடே கையுறைப் பங்குகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்திருந்த 8,000 வெள்ளியை ஆகஸ்ட் மாதம் ஒரு கையுறை நிறுவனத்தில் போட்டேன். இரண்டு வாரத்தில் விற்றுவிடுவதாகத்தான் திட்டம். விலை இறங்கத் தொடங்கியதும் 'பரவாயில்ல, லாங் டெர்மா வச்சுக்குவோம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பர் 9-ஆம் தேதி ஃபைசர் தடுப்பூசி பற்றிய செய்தி வந்தது. அடுத்த ஆண்டு 4,900 வெள்ளிக்கு விற்று வெளியே வந்தேன். குறுகிய கால ஆசையில் வாங்கியதை, நட்டம் வந்த பிறகு நீண்டகால முதலீடு என்று பெயர் மாற்றியவன் நான். அந்த யூடியூப்காரர் பேசியதை என்னால் முழுதாக நம்ப முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

அம்மாவுக்கு உடனே பதில் சொல்லவில்லை. நான் படித்தது இயந்திரப் பொறியியல், நிபோங் திபால் வளாகத்தில். வரலாறு எனக்கு எஸ்பிஎம்மோடு முடிந்த பாடம். இருந்தாலும் நம் ஆட்கள் இதற்கு முன்னால் பங்கு வாங்கியபோது என்ன நடந்தது என்று தெரியாமல் அம்மாவின் முப்பது வருட உழைப்பில் கை வைக்கப் பயமாக இருந்தது. சில மாதங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

நாங்கள் குடியிருக்கும் ஜெலுத்தோங் ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்தின் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்வதற்காக ஏற்றுமதி செய்தார்கள். இன்றைய ஜெலுத்தோங்கில் நான் குப்பைமேட்டையும் நெடுஞ்சாலையையும் பார்த்திருக்கிறேன், அந்த மரத்தைப் பார்த்ததில்லை. நம்மை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது பால் தரும் இன்னொரு மரம். ரப்பர். அதற்குப் பின்னால் ஒரு பங்குச்சந்தை இருந்தது என்பதை நான் இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

1909-10-இல் லண்டனில் ரப்பர்ப் பித்து தலைக்கேறியிருந்தது. மோட்டார் வண்டிக்கு டயர் தேவை. ஒரு ராத்தல் ரப்பர் 1910-இல் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயாத் தோட்டங்களின் பெயரில் கம்பெனிகள் வரிசையாகக் கிளம்பின. பல கம்பெனிகள் பங்கை 2 ஷில்லிங் என்று சிறிதாக வெட்டி விற்றன, குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும்கூட வாங்கட்டும் என்று. அந்த ஆண்டு முடிவதற்குள் ரப்பர் விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

ரப்பர்க் கன்று நட்டால் பால் வெட்டுவதற்கு ஆறேழு வருடம் ஆகும். பிறகு இருபத்தைந்து முப்பது வருடம் வெட்டலாம். லண்டன்காரர் ஒருவர் காலையில் பங்கை வாங்கி மதியம் விற்றிருப்பார். அந்தப் பங்குக்குரிய கன்று இங்கே முழங்கால் உயரம்கூட வளர்ந்திருக்காது. காட்டை வெட்டி, கன்று நட்டு, லாலான் பிடுங்கி, அந்த ஆறேழு வருடத்தைக் கடத்தியவர்கள் யார்? ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றாலும் கங்காணி வழியாகத் தமிழர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ரப்பரில் உண்மையான நீண்டகால முதலீடு அவர்களுடையது. அதற்கு அவர்களிடம் ஒரு பங்குப் பத்திரமும் கிடையாது.

அடுத்த காட்சிக்கு நாற்பது வருடம் தாண்ட வேண்டும். கொரியப் போரில் ரப்பர் விலை ஏறியது, பிறகு இறங்கியது. சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போகப் பார்த்தன. வாங்க வந்தவர்களில் பலர் தோட்டம் நடத்த வந்தவர்கள் இல்லை. நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து முன்பணம் கட்டுவார்கள். மீதிப் பணம் கட்டும் கெடுவுக்குள் தோட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு விற்று, அந்தக் காசிலேயே மீதியைக் கட்டி, லாபத்தோடு ஒதுங்கிவிடுவார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பங்குச்சந்தையில் 'கான்ட்ரா' என்று ஒன்று உண்டு. கையில் பணம் இல்லாமலே பங்கை வாங்கி, பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முன்னால் விற்று, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அல்லது கட்டுவது. எங்கள் கோப்பிக்கடை அங்கிள்கள் இன்றும் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். தோட்டத் துண்டாடல் என்பது நிலத்தில் ஆடிய கான்ட்ரா. ஒரு வித்தியாசம் உண்டு. பங்கை விற்றால் அதற்குள் குடியிருக்கும் ஆளை யாரும் வெளியேற்றுவதில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டபோது லயத்தில் இருந்த குடும்பங்கள் வேலை, வீடு, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் இழக்க நேர்ந்தது. இரண்டு மூன்று ஏக்கர் வாங்கிய ஆளுக்குத் தொழிலாளி எதற்கு? பின்னாளில் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றிய அறிக்கை அது.

இதற்கு எதிராகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் கிளம்பினார். சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1955-இலிருந்து ம.இ.கா. தலைவர், அமைச்சர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். திட்டம் எளிமையானது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். சேர்கிற பணத்தில், விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே முழுதாக வாங்குவது. துண்டு போடுவதில்லை. தோட்டம் தோட்டமாகவே இருக்கும்.

அன்றைய பால்மரத் தொழிலாளிக்கு 10 வெள்ளி சில நாள் கூலி. அமைச்சரே தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வாசலில் நின்று பேசினார் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கத்தின் முதல் தோட்டம். 1979-இல் சம்பந்தன் இறந்தபோது அவர்கள் கையில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருந்தன.

அம்மாவின் அப்பா கூலிம் பக்கம் பால்மரம் வெட்டியவர். சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருந்தார். பாட்டி இன்றும் அந்தக் கட்டண அட்டையைப் பிஸ்கட் டின்னில், அடகுச் சீட்டுகளுக்கும் பிறப்புப் பத்திரங்களுக்கும் நடுவில் வைத்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டேன்.

"ஒங்க தாத்தா முதல்ல கட்ட மாட்டேன்னாரு. பத்து வெள்ளிய எவன்கிட்டயோ குடுத்துட்டு எங்க போய்த் தேடுறதுன்னு. அப்புறம் பக்கத்துத் தோட்டத்த பங்கு போட்டானுங்க. அங்கருந்து என் அக்கா குடும்பம் சட்டி பானையோட வந்து எங்க வீட்ல இறங்குச்சு. மறு மாசமே கட்டுனாரு."

"லாபம் வந்துச்சா பாட்டி?"

"வருசத்துக்கு ஏதோ குடுப்பாங்க. தீபாவளிக்குத் துணி எடுக்கலாம்."

ஒரு பொறியாளனாகக் கணக்குப் போட்டால் இது சுமாரான முதலீடு. கூட்டுறவுப் பங்கின் விலை சந்தையில் ஏறுவதில்லை. நிலத்தின் மதிப்பு எவ்வளவு கூடினாலும் தாத்தாவின் 100 வெள்ளி 100 வெள்ளிதான். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் வேறு எதிலாவது போட்டிருந்தால் என்று கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது, பார்த்தும் இருக்கிறேன். ஆனால் தாத்தா வாங்கியது விலை ஏறும் பங்கை இல்லை. நாளைக்குத் தன் லயத்தை யாரும் துண்டு போட மாட்டார்கள் என்பதை வாங்கினார். அதன் பலனை மாதாமாதம் தானே கண்ணால் பார்த்தார். தோட்டம் அவர் கண்ணெதிரே இருந்தது, பால் எவ்வளவு இறங்குகிறது என்று கிராணியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு.

இருபது வருடம் கழித்து இதே மக்களிடம் இன்னொரு பங்கு வந்தது. 1982-இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ். சாமிவேலு அப்போது கட்சித் தலைவர். புதிய பொருளாதாரக் கொள்கை நடப்பில் இருந்த காலம். நாட்டின் பங்குச் சொத்தில் இந்தியர் பங்கு 1 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. நாமும் கம்பெனிகளுக்குள் நுழைய வேண்டும் என்ற பேச்சில் தவறு காண முடியாது. சுமார் 66,000 பேர் சேர்ந்து ஏறக்குறைய 10 கோடியே 60 லட்சம் வெள்ளி கொடுத்தார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு என்று பத்திரிகைகள் பிறகு பல தடவை எழுதின. சம்பந்தனுடைய சங்கம் உண்டாக்கிய நம்பிக்கையும் இதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

பணம் போன இடங்கள் அப்படியொன்றும் மோசமில்லை. 1984-இல் டிவி3 தொடங்கியபோது மைக்கா அதன் பங்குதாரர்களில் ஒன்று. யுனைடெட் ஏசியன் வங்கியில் பங்கு வாங்கியது. இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகளை இணைத்து உண்டான வங்கி அது. எண்பதுகளின் நடுவில் வந்த மந்தத்தில் அந்த வங்கியே தள்ளாடியது. காப்புறுதி நிறுவனம் ஒன்றும் இருந்தது. நட்டம் வருவது வியாபாரத்தில் சகஜம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பெரிய சர்ச்சை டெலிகோம் பங்கில் வந்தது. 1990-இல் டெலிகோம் மலேசியா பங்குச்சந்தைக்கு வந்தபோது அரசாங்கம் மைக்காவுக்கு ஒரு கோடி பங்கு ஒதுக்கியது, ஒரு பங்கு 5 வெள்ளி விலையில். மைக்கா எடுத்துக்கொண்டது 10 லட்சம் மட்டுமே. மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. 1992-இல் விஷயம் வெளியே வந்ததும் நாடாளுமன்றம் வரை கொந்தளித்தது. ஊழல் தடுப்புத் துறை விசாரித்தது, யார் மீதும் வழக்கு வரவில்லை. மைக்காவிடம் அத்தனையையும் வாங்கப் பணம் இல்லை என்பது ஒரு பக்கத்து விளக்கம். சட்டப்படி எது எப்படியோ, 66,000 பேரில் யாரையும் கேட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதைவிட முக்கியமான இன்னொரு விஷயத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. மைக்கா கடைசிவரை பங்குச்சந்தையில் பட்டியலிடப்படவில்லை. 1993-ஐ நினைத்துப் பாருங்கள். மலேசியச் சந்தையின் பெரிய காளை ஓட்டம். ஒரே வருடத்தில் குறியீடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. வீட்டம்மாக்களும் டாக்சி ஓட்டுநர்களும் தரகர் கடைத் திரைக்கு முன்னால் நின்றார்கள். எங்கள் கீழ்மாடி அங்கிள் ஒருவர் அந்த வருடம் கான்ட்ரா ஆடி மெர்சிடிஸ் வாங்கி, அடுத்த வருடமே அதை விற்றதாகப் பெருமையோடு சொல்வார். விற்றதையும் பெருமையோடு சொல்வதுதான் எனக்குப் பிடித்தது. அந்த அங்கிள் முட்டாள்தனமாகவே ஆடியிருந்தாலும், வாங்கவும் விற்கவும் அவருக்கு ஒரு இடம் இருந்தது. மைக்காப் பங்கு வைத்திருந்தவருக்கு அது இல்லை. அன்றைய விலை என்ன என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. ஊரே விற்றுக் காசாக்கிய வருடத்திலும் அவர்கள் பத்திரத்தை அலமாரியில்தான் வைத்திருந்தார்கள். 1997-இல் நெருக்கடி வந்தபோதும் அலமாரியில்தான்.

முடிவு 2010-இல் வந்தது. துறைமுகத் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் ஜி டீம் நிறுவனம் ஒரு பங்குக்கு 80 காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. இருபத்தெட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு 80 காசு. அதையும் நல்லதென்று வாங்கிக்கொண்டவர்கள் அதிகம். பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், பிள்ளைகள் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

'நம்ம ஆளுங்களுக்குப் பொறுமை இல்ல, உடனே காசு பாக்கணும்' என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு மாமா சொல்லாமல் இருக்க மாட்டார். எனக்கு இப்போது அதைக் கேட்டால் கோபம் வருகிறது. ரப்பர்க் கன்றுக்கு ஏழு வருடம் காத்திருந்தவர்கள், மைக்காவில் இருபத்தெட்டு வருடம் காத்திருந்தவர்கள் நாம். பொறுமைக்கு என்ன குறை? கையில் இருந்த காகிதத்துக்கு என்ன விலை என்று தெரியவில்லை, தெரிந்தாலும் விற்க வழியில்லை, கூட்டத்தில் பேசினால் கேட்க ஆளில்லை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நீண்டகாலம் என்பது முதலீட்டு முறையே இல்லை, மாட்டிக்கொண்ட நிலைமை. தாத்தாவின் 100 வெள்ளிக்கும் மைக்காவின் பத்திரத்துக்கும் இடையே நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான். காலத்தின் நீளத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

சரி, பட்டியலிட்ட பங்குகளை வாங்கிப் பொறுமையாக வைத்திருந்தால்? அம்மாவின் யூடியூப்காரர் சொன்னது அதைத்தானே. அதையும் பார்த்தேன். கோலாலம்பூர் குறியீடு 1994 ஜனவரி 5-ஆம் தேதி 1,314 புள்ளியில் இருந்தது. 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262-க்கு வந்தது. 2018 ஏப்ரலில் 1,895 வரை ஏறியது. 2023 கடைசியில் 1,454. ஆக, காளை ஓட்டத்தின் உச்சியில் வாங்கியவர் முப்பது வருடம் பொறுமையாக இருந்தும் விலையில் 11 விழுக்காடுகூடப் பார்த்திருக்க மாட்டார். இடையில் வந்த ஈவுத்தொகைதான் அவருக்கு ஆறுதல். அதே குறியீட்டை 1998 செப்டம்பரில் வாங்கியவருக்கு ஐந்து மடங்குக்கு மேல். இரண்டு பேருமே நீண்டகால முதலீட்டாளர்கள். அமெரிக்கச் சந்தையின் நூறு வருடப் படத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் நம் ஊர்ப் படத்தை ஏன் காட்டுவதில்லை என்று இப்போது புரிகிறது.

அம்மாவின் சேமநிதி இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? 1951-இல் தொடங்கிய நிதி. 2020-இல் 5.20 விழுக்காடு, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50 கொடுத்திருக்கிறது. 55 வயதுக்குப் பிறகும் பணத்தை அங்கேயே விட்டுவைத்தால் 100 வயது வரை ஈவு உண்டு. வேண்டும்போது எடுக்கலாம். உண்மையில் சேமநிதியும் ஒரு கணிசமான பகுதியைப் பங்குச்சந்தையில்தான் போடுகிறது. அம்மா முப்பது வருடமாகப் பங்கில்தான் இருக்கிறார், அவருக்கே தெரியாது.

கோவிட் காலத்தில் எங்கள் புளோக்கில் பலர் சேமநிதியிலிருந்து எடுத்தார்கள். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 10,000 வெள்ளி சிறப்பு அனுமதி. நாடு முழுக்க மொத்தம் 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. 'எதிர்காலத்தைத் தின்னுட்டாங்க' என்று அப்போது நானும் பேசினேன், மாதச் சம்பளம் நிற்காத பொறியாளன் பேசிய பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா எடுத்த பணத்தில் மூன்று மாத வாடகை கட்டினார். துண்டாடலுக்குப் பயந்து பங்கு கட்டிய தாத்தாவுக்கு அந்த அக்காவைப் புரிந்திருக்கும்.

மார்ச் மாதம் 2024-க்கான ஈவு 6.30 விழுக்காடு என்று அறிவித்தார்கள். அன்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். சம்பந்தன், மைக்கா, 1993 எல்லாம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். நான் நிறுத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஷேரு வாங்கிட்டு, எனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லன்னு விக்கணும்னா எத்தன நாளுல காசு வரும்?"

"வித்த ரெண்டாவது வேல நாளு வந்துரும்மா. ஆனா அன்னிக்கு என்ன வெலயோ அதுதான்."

"அப்ப சரி. எல்லாத்தையும் எடுக்க வேணாம். அஞ்சாயிரம் மட்டும் போடு. வெல எறங்குனா எங்கிட்ட மறைக்காத, கையுறைய மறைச்ச மாதிரி."

ஆண்டுதோறும் ஈவு கொடுத்துவரும் ஒரு வங்கியின் பங்கை அவர் பெயரிலேயே கணக்குத் திறந்து வாங்கினேன். பத்திரம் எங்கே என்று கேட்டார். இப்போதெல்லாம் காகிதம் கிடையாது, எல்லாம் கணினியில்தான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு 555 புத்தகத்தை எடுத்துவந்து, வங்கியின் பெயர், தேதி, எத்தனை பங்கு, என்ன விலை என்று என்னைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அடுத்த பக்கத்தை மாதாமாதம் விலை எழுதுவதற்காகக் கோடு போட்டு வைத்தார். பிறகு பாட்டியைக் கேட்டு அந்தப் பிஸ்கட் டின்னை வாங்கி, தாத்தாவின் அட்டைக்கு மேலே வைத்து மூடினார்.